வேலூர் சென்ற சீரம் குப்பிகள்

1986ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் இரவு, சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பனிக்கட்டிப் பெட்டியில் சீரம் குப்பிகளோடு, கணவருடன் காட்பாடிக்கு இரயில் ஏறினார். நம் பகுதியின் சோளிங்கர் நிலையத்தைக் கடந்தே அவ்வண்டி சென்றிருக்கும். எய்ட்ஸ் மேலை நாட்டார் நோய், நம்மை அணுகாது எனப் பலரும் நம்பியிருந்த காலம் அது. இவ்வாய்வில் அவரை ஈடுபடுத்தியவர் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவை எலிசா முறையில் சோதிக்கப்பட்டன. கிருமியின் புரதம் பூசிய சிறு குழிகளில் சீரம் இடப்படும். அக்கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் அதில் இருப்பின், புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர்ச் சேர்க்கும் நொதி நிறம் காட்டிக் கொடுக்கும். ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இவ்வாறுதான்.

தடுப்பூசி தூண்டுவதும் இதே எதிர்ப்பொருளைத்தான். அம்மை குத்திக்கொண்டவர் உடலில் அது காவலாகிறது. ஓயாது உருமாறும் எச்.ஐ.வி.யிடமோ பெரும்பாலும் வெறும் சாட்சியாக நின்றுவிடுகிறது. அதற்குத் தடுப்பூசி இன்றளவும் வாய்க்காமைக்கு இது முக்கிய காரணம். தொற்றிய முதற்சில வாரங்களில் அச்சாட்சியும் வாய் திறப்பதில்லை. இரத்ததானம் செய்யச் செல்லும் நம் இளைஞர்களிடம், சோதனை இருந்தும், இரத்த வங்கியார் அத்தனை கேள்விகள் கேட்பது இதனாலேயே.