ஐஸுக்கு எதுக்கு உப்பு?

தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. ஸ்ரீவைகுண்டம் அணைதான் ஆற்றில் கடைசி அணை. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் வாழை நிற்கிறது. மிச்சம் எங்கே போகுதுன்னு தெரியாமலே வளருதுகளேன்னு ஒரு குறை இருந்தது. போன லீவில் தார் வெட்டி அனுப்பின மறுநாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு எல்லாருமாப் புன்னக்காயலுக்குக் கிளம்பிட்டோம்.

ஆத்தூர் வழியாகப் போனால் வெற்றிலைக் கொடிக்கால் முடிந்து, வாழை முடிந்து, உப்பளம் வந்துவிடும். அதுக்கப்புறம் ஊர். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, துறைமுகம் கொற்கையிலிருந்து பழையகாயலுக்கும், அங்கிருந்து புன்னக்காயலுக்கும் நகர்ந்த கதையைச் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் காதில் விழவில்லை. கரையில் வள்ளத்துக்குள்ளே பொடிச்ச ஐஸை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "அப்பா, எனக்கும் ஐஸ்"னு சின்னவள் ஆரம்பித்துவிட்டாள்.

அங்கே கிடைக்கவில்லை. திரும்பி முக்காணி, பழையகாயல் தாண்டி, தூத்துக்குடிப் பக்கம் கடலைப் பார்த்த மாதிரி ஒரு சின்னக் கடை. மிஷின் கிடையாது. மர வாளி, நடுவில் தகர உருளை, மேலே ஒரு கைப்பிடி. அவர் பாலும் சீனியும் ஊற்றி மூடி, சுற்றிலும் ஐஸைப் போட்டு, அதன்மேல் இரண்டு கை கல்லுப்பை வீசினார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏ தம்பி, ஐஸுக்கு எதுக்குய்யா உப்பு?"

"உப்புப் போட்டாத்தான் ஆச்சி உறையும்" என்றார் அவர், சுற்றுவதை நிறுத்தாமல்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் உப்பளத்தில் கூலிக்குப் போனவள். வெயிலில் வெந்த உப்பு அவளுக்குத் தெரியும். கால் வெடிப்பில் இறங்கின உப்பு தெரியும். குளிரவைக்கிற உப்பு இருக்குன்னு எழுபத்திரண்டு வயசில் இப்பத்தான் கேள்விப்படுகிறாள்.

அன்றைக்கு அவளுக்கு நான் சொன்ன விவரம் இதுதான். ஐஸ் மேல் உப்புப் பட்டதும் ஐஸ் உருக ஆரம்பிக்கும். உருகுறதுக்குச் சூடு வேணும். அந்தச் சூட்டைப் பக்கத்தில் இருக்கிற பால்கிட்டேயிருந்து பிடுங்கிக்கொள்ளும். வெறும் ஐஸ் உருகும்போது பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்காது. சரியான அளவில் உப்புச் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் இறங்கும். பால் உருளையின் ஓரத்தில் உறைய உறையச் சுரண்டிக்கொண்டே இருக்கணும், இல்லாவிட்டால் பால் பாறையாகிவிடும். சுற்றுகிற கைக்கு அதுதான் வேலை. அந்தக் கைப்பிடி வாளிக்கு 1843-ல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி காப்புரிமை வாங்கினார்.

வீட்டுக்கு வந்தும் அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. உப்பு நம்ம கரையில் மலையாக் கிடக்கு. அப்புறம் ஏன் ஐஸ்கிரீம் நமக்கு இவ்வளவு பிந்தி வந்தது?

ஐஸ் இல்லையே! நம்ம பக்கத்தில் பனி என்றால் மார்கழியில் வாழை இலையில் உருளுகிற துளி, அவ்வளவுதான். கட்டியாகத் தண்ணீரைப் பார்த்தது எப்பவாவது விழுகிற ஆலங்கட்டியில் மட்டும். ஆனால் வேடிக்கை பாருங்கள், பொருள் வருவதற்கு முன்னூறு வருஷத்துக்கு முந்தியே பேர் வந்துவிட்டது. தூத்துக்குடி பனிமய மாதாவைத்தான் சொல்கிறேன். ரோமாபுரியில் ஒரு குன்றின் மேல் ஆகஸ்ட் மாத உச்சிக்கோடையில் பனி பெய்து கோயில் கட்ட இடம் காட்டியது என்று ஒரு கதை. அந்த மாதா போர்ச்சுக்கீசியர் காலத்தில் இந்தக் கரைக்கு வந்தாள். இப்போது நிற்கிற கோயில் 1713-ல் கட்டியது. ஆகஸ்ட் 5 அன்றைக்குத் திருவிழா. உப்பு நல்லா விளைகிற வெயிலில், பனியின் பேர் சொல்லிக் கூட்டம் அலைமோதும்.

அந்தக் காலத்துப் புன்னக்காயலில் ஹென்றி ஹென்றிக்கஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். போர்ச்சுகலில் பிறந்து, இங்கே பரதவர் நடுவில் தமிழ் படித்தவர். கொல்லத்தில் 1578-ல் அவர் அச்சடித்த 'தம்பிரான் வணக்கம்'தான் இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். 1600-ல் புன்னக்காயலிலேயே காலமானார். அவர் இங்கே வெயிலில் இருந்த அதே நாட்களில் வடக்கே அக்பர் அரண்மனையில் ஐஸ் புழங்கியிருக்கிறது. 1586-லிருந்து இமயமலைப் பக்கத்துப் பனிக்கட்டி படகிலும் வண்டியிலும் ஆள் தலையிலுமாக லாகூருக்கு வந்ததாக அய்ன்-இ-அக்பரியில் அபுல் ஃபஸல் எழுதுகிறார். வெடியுப்புக் கரைத்த தண்ணீரில் குடுவையை வைத்து அசைத்துக் குடிதண்ணீரைக் குளிரவைத்த விவரமும் அதில் இருக்கிறது. ஆக, உப்பை வைத்துக் குளிரவைக்கிற வித்தை நம்ம நாட்டுக்குப் புதுசு இல்லை.

தெற்கே நிஜமான ஐஸ் கப்பலில் வந்தது. சென்னையில் ஐஸ் ஹவுஸ் பஸ் ஸ்டாப்பைத் தினமும் தாண்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, குளிர்காலத்தில் அங்கத்து ஏரிகளில் உறைகிற ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து ஊர் ஊராக அனுப்பினார். 1833-ல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நாலு மாசம் கடலில் கிடந்து வந்து சேர்ந்தபோது 100 டன் மிஞ்சியிருந்தது. அந்தச் சரக்கை இறக்கிவைக்க மெரினா ஓரத்தில் 1842-ல் கட்டினதுதான் ஐஸ் ஹவுஸ். வாங்கினவர்கள் துரைமார்களும் பெரிய தனக்காரர்களும். பிறகு இங்கேயே மிஷின் வைத்து ஐஸ் பிடிக்க ஆரம்பித்ததும் பாஸ்டன் ஐஸுக்கு மவுசு போயிற்று. கட்டடம் பிலிகிரி அய்யங்கார் கைக்கு மாறி, 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கி, இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

எங்கள் ஊருக்கு ஐஸ் வந்தது சைக்கிளில்தான். பெட்டி மூடியைத் தட்டுகிற சத்தம் கேட்டால் கொடை விழாவில் சாமியைக்கூட விட்டுவிட்டு ஓடுவோம். பால் ஐஸ், சேமியா ஐஸ், நாக்குச் சிவக்கிற கலர் ஐஸ்.

அதைவிடப் பெரிய மாற்றம் மீனில் வந்தது. ஐஸுக்கு முந்தி, பிடித்த மீனை அன்றைக்கே விற்கணும், இல்லாவிட்டால் உப்பில் போட்டுக் கருவாடு ஆக்கணும். மீனுக்குக் காவல் உப்பு மட்டும்தான். என் சின்ன வயசில் கடற்கரைப் பெண்கள் ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்து எங்கள் தெருவுக்கு வருவார்கள். மீனுக்குப் பதிலாக நெல்லு வாங்கிப் போவதும் உண்டு. ஐஸ் நிறையப் புழங்க ஆரம்பித்ததும் மீன் கெடாமல் தூரம் போகப் பழகிவிட்டது. நல்ல சீலா லாரி ஏறிவிடுகிறது, எங்கள் தெருவுக்கு வருவது சாளைதான். மீனவருக்கு நல்ல விலை கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த ஓலைப்பெட்டி வராமல் போனது எனக்கு வருத்தம், மறைப்பானேன்.

கடைக்கு வருகிறேன். அவர் அரைமணி நேரம் சுற்றியிருப்பார். வேர்த்துக் கொட்டியது. உருளையை வெளியே எடுத்தபோது அதன்மேல் வெள்ளையாப் பூத்திருந்தது. அம்மா விரலால் தொட்டுவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"உப்பு வாரும்போது பாத்தியில தண்ணி கொதிக்கும் தெரியுமா. காலு ரெண்டும் எரியும். குடிக்கக் கொண்டுபோன தண்ணியும் மத்தியானத்துக்குள்ள சுட்டுப்போவும். கொஞ்சம் குளுந்த தண்ணி கிடைக்காதான்னு இருக்கும்" என்றாள். "சுத்தி அம்புட்டு உப்பையும் வச்சிக்கிட்டுல்லா அப்படி உக்காந்திருந்தோம்."

பெரியவன் ஒன்றும் பேசவில்லை. அவன் ஆச்சியின் பாதத்தைப் பார்த்தான். இன்றைக்கும் அந்த வெடிப்பு மூடவில்லை. இப்போதும் அந்த வேலையில் பாதிக்கு மேல் பெண்கள்தான், வெயிலும் அதே வெயில்தான். மழைக்காலத்தில் வேலையே கிடையாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த வெள்ளத்தில் எங்கள் வாழை சாய்ந்தது. உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்தே போனது. சாய்ந்த வாழைக்காவது பக்கக் கன்று மிஞ்சும்.

கப்பு நாற்பது ரூபாய். அம்மா விலையைக் கேட்டுவிட்டு மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"அப்ப எனக்கு நாள்கூலி ரெண்டு ரூவா. இது இருவது நாள் கூலில்லா!"

சொல்லிவிட்டு மரக்கரண்டியால் கப்பின் அடிவரைக்கும் வழித்துச் சாப்பிட்டாள். சின்னவள் பாதியில் வைத்ததையும் வாங்கிக்கொண்டாள். கடைக்காரர் வாளியில் மிஞ்சின உப்புத்தண்ணியை மணலில் கொட்டிவிட்டு, அடுத்த சுற்றுக்கு ஐஸ் உடைக்க உட்கார்ந்தார்.