கிடப்பில் போட்ட பின்புறத்தைக் கொல்லையாக்க: செடி வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கிள்ளான் பள்ளத்தாக்கின் வரிசை வீடுகள் பலவற்றில் பின்புறம் என்பது ஒரு சின்ன சிமெண்டுத் தரைதான். பழைய மிதிவண்டி, மிச்சமான தரை ஓடு, பெயிண்ட் வாளி, ஓடாத மின்விசிறி எல்லாம் அங்கே சேர்ந்து, ஒரு கட்டத்தில் பின்கதவைத் திறப்பதே நின்றுவிடுகிறது. அந்த இடத்தைச் சீராக்க நினைப்பவர்களில் பலர் நேராக நாற்றுக் கடைக்குப் போகிறார்கள். உண்மையில் செடி கடைசியாக வாங்க வேண்டியது. தண்ணீர், வெயில், மண் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகு வாங்கினால் பாதிச் செடி வீணாவது தப்பும்.

பலத்த மழை விட்ட அரை மணி நேரம் கழித்துப் பின்புறத்தைப் பாருங்கள். நீர் நிற்கும் இடமெல்லாம் டிங்கிக்கான இடம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர நம் வெப்பத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். அதன் முட்டை ஈரமில்லாமலும் பல மாதம் பிழைத்திருக்கும் என்பதால் வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி, கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் வீட்டுக்காரருக்கே அபராதம். பழைய டயரில் செடி வைப்பது பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் டயரின் உள்மடிப்பில் நிற்கும் நீரை யாரும் முழுதாக வடிக்க முடியாது. தொட்டிக்கு அடியில் தட்டும் வேண்டாம்.

குப்பையை அகற்றும் செலவு சிலருக்கு இல்லாமலே போகலாம். சட்டம் 672 நடப்பிலுள்ள கோலாலம்பூர், பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான் போன்ற இடங்களில் வாரம் ஒருமுறை மறுசுழற்சிப் பொருளோடு பழைய தளவாடங்களையும் தோட்டக் கழிவையும் எடுக்கும் முறை உண்டு. சிலாங்கூரில் ஏற்பாடு வேறு, உங்கள் ஊராட்சி மன்றத்தைக் கேளுங்கள். கட்டட இடிபாட்டை இந்த வண்டிகள் எடுப்பதில்லை. உடைந்த செங்கல் பாத்தி ஓரத்துக்கு உதவும். மற்றதைக் குவியலாக விட்டால் எலி குடியேறும், எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் பின்னால் வரும். சுத்தம் செய்யும்போது கையுறையும் மூடிய காலணியும் அவசியம்.

அடுத்தது வெயில். இரண்டு சுவர்களுக்கு நடுவே அகப்பட்ட பின்புறத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று ஒரு விடுமுறை நாளில் குறித்து வையுங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஜூன் மாத வெயில் சற்று வடக்கிலிருந்தும் டிசம்பர் வெயில் தெற்கிலிருந்தும் சாய்கிறது. வடக்குப் பார்த்த பின்புறம் ஆண்டு நடுவில் காய்க்கும், ஆண்டு முடிவில் சோம்பும். ஆறு மணி நேரம் வெயில் இருந்தால் வெண்டை, கத்தரி, மிளகாய். அதைவிடக் குறைவென்றால் பண்டான், மஞ்சள், வெற்றிலை.

மண்ணில்தான் பணத்தைச் செலவிட வேண்டும். கையில் 150 ரிங்கிட் இருந்தால் அதில் பாதிக்கு மேல் இதற்கே ஒதுக்குங்கள். வீடமைப்புப் பகுதிகளில் கொட்டி நிரவிய செம்மண் பெரும்பாலும் அடிமண், சத்துக் குறைவு, புளிப்புத்தன்மை அதிகம். மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல் என்பது இங்கு பலரும் பின்பற்றும் கலவை. அதோடு கொஞ்சம் டோலமைட் சுண்ணாம்பு கலந்து இரண்டு வாரம் விட்டு நடலாம். சிமெண்டை உடைக்கத் தேவையில்லை. மீன், காய்கறிக் கடைகளில் தூக்கி எறியும் வெள்ளை நுரைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, அடியில் துளையிட்டு நிரப்பினால் கீரைக்குப் போதும். வெயிலில் அவை நாளடைவில் பொடியும், இலவசப் பொருளுக்கு அது போதும். பெட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள், கால்வாயை மறைக்காதீர்கள். பின்சந்து பொது வழி என்பதால் தொட்டி அங்கே போகக் கூடாது.

செடிக்கு அதிகம் செலவாகாது. சந்தையில் வாங்கும் செராயை ஒரு கிளாஸ் நீரில் வைத்தால் வேர் விடும், ஆனால் இரண்டு நாளுக்கொரு முறை நீரை மாற்றுங்கள். கங்கோங் விதைத்த நான்கு வாரத்தில் அறுக்கலாம், வெண்டை ஏறத்தாழ 50 நாளில் காய்க்கும். முதன்முறை செய்பவர்கள் கங்கோங்கிலிருந்து தொடங்குவது நல்லது, சீக்கிரம் பலன் பார்த்தால் கை ஓயாது. கறிவேப்பிலைக் கன்று அக்கம்பக்கத்து மரத்தடியிலேயே முளைத்திருக்கும், கேட்டால் தருவார்கள். அதன் இலையைத் தின்னும் பச்சைப் புழுவைக் கையால் எடுத்தால் போதும், மருந்து வேண்டாம்.

முருங்கை மட்டும் யோசிக்க வேண்டியது. லயத்து வீட்டுக்குப் பின்னால் அது தாராளமாக வளர்ந்தது, இடம் இருந்தது. பத்தடி இடத்தில் கிளை முறிந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழும். வைத்தே ஆக வேண்டுமென்றால் பெரிய தொட்டியில் வைத்து, தலையுயரத்துக்கு மேல் போகவிடாமல் வெட்டிக்கொண்டே இருங்கள். கீரைக்கு அது போதும், காயைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.

நம் ஊர் மழை உரத்தை வேகமாகக் கழுவிக்கொண்டு போகும். ஒரே முறை நிறையப் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வாரத்துக்கொரு முறை போடுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலை பரப்புங்கள். சமையலறைக் காய்கறித் தோலை மூடியுள்ள வாளியில் காய்ந்த இலையோடு சேர்த்து மக்க வைக்கலாம். சோறும் மீன் முள்ளும் அதில் போனால் எலி திரும்பி வந்துவிடும்.