பழைய டி-ஷர்ட்டை எவ்வளவு தேய்த்தாலும் ஃபெல்ட் ஆகாது... ஏன் தெரியுமா?

ரீல்ஸில் பார்க்க ரொம்ப ஈஸியாத்தான் இருக்கும். பஞ்சு மாதிரி கம்பளியை அடுக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்து, சுருட்டி உருட்டினால் கெட்டியான துணி ரெடி. இதுதான் ஃபெல்ட்டிங். தறி வேண்டாம், தையலும் வேண்டாம். ஆனால், முடிச்சூர் மொட்டைமாடியில் இதை முயற்சி செய்ய நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, கையில் இருப்பது என்ன நார் என்பதைத்தான்.

கம்பளி இழையின் மேல் ஓடு வேய்ந்த கூரை மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டால் அவை விரியும். தேய்க்கத் தேய்க்க ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொண்டு, பிறகு பிரியவே பிரியாது. பருத்தியில் செதில் கிடையாது. அதனால் டி-ஷர்ட்டை ராத்திரி முழுக்கத் தேய்த்தாலும் டி-ஷர்ட்தான்!

நம்ம ஏரியா ஆடு? செங்கல்பட்டு பக்கம் மேயும் 'மெட்ராஸ் ரெட்' செம்மறிக்கு உடம்பில் ரோமம்தான், கம்பளி இல்லை. தமிழ்நாட்டில் மென்மையான கம்பளி தருவது நீலகிரி செம்மறி. கைவினைக்கு ஆன்லைனில் கிடைக்கும் மெரினோ கம்பளிப் பஞ்சை 100 கிராம் வாங்கினாலே ஆரம்பிக்கப் போதும்.

காஷ்மீரில் 'நம்தா' விரிப்பு செய்பவர்கள் புல் பாயில் கம்பளியை அடுக்கி, சுருட்டி, உருட்டுகிறார்கள். நமக்குக் கோரைப்பாய் இருக்கே! மெல்லிய அடுக்குகளை ஒன்று நீளவாக்கிலும் அடுத்தது குறுக்கிலும் வையுங்கள். முடியும்போது 30 முதல் 40 சதவிகிதம் வரை சுருங்கும் என்பதால், பெரிதாகவே அடுக்க வேண்டும். தாம்பரம் பக்கத்து போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது. பிடித்து வைத்த மழைத் தண்ணீர் பெஸ்ட்.

இன்னொரு வழி 'நூனோ'. 1990-களில் ஆஸ்திரேலியாவில் பிரபலமான இந்த முறையில், மெல்லிய துணியின் மேல் கம்பளியை வைத்துத் தேய்க்கிறார்கள். இழைகள் துணியின் இடைவெளிக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். பழைய மல் காட்டன் துப்பட்டா, ஷிஃபான் புடவை ஓகே. நெருக்கமாக நெய்த காஞ்சிபுரம் பட்டு சரிப்படாது.

சுவாரஸ்யமே இனிமேல்தான். மல் காட்டனில் செய்த நூனோவை வெங்காயத்தோல் சாயத்தில் போட்டால் கம்பளி அடர்த்தியாகவும், பருத்தி வெளிறியும் வரும். ஒரே பாத்திரம், ரெண்டு நிறம்! 100 கிராம் கம்பளிக்கு 10 கிராம் படிகாரம் கரைத்து முதலில் ஊற வைக்க வேண்டும். சாயம் கொதிக்கக் கூடாது, கிளறவும் கூடாது. சட்டென்று பச்சைத்தண்ணீரில் போட்டால் கம்பளி இன்னும் சுருங்கிவிடும். பருத்திக்கும் அழுத்தமான நிறம் வேண்டுமா? முன்னாடியே கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துவிடுங்கள். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரியிலும் கடுக்காய் பழைய கூட்டாளிதான். மஞ்சள்தூள் மட்டும் நம்ப முடியாத ஆள். பளீரென்று ஒட்டும், வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

ஒரு சீரியஸ் விஷயம். சில வீடியோக்களில் மயில்துத்தம், பொட்டாசியம் டைகுரோமேட் எல்லாம் போடச் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம். நொய்யலில் கலந்த சாயக் கழிவுக்காக 2011-ல் திருப்பூர் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். வீட்டில் செய்வது கொஞ்சம்தான். ஆனால், முடிச்சூர் அடையாற்றுக் கரை ஊர். 2015 வெள்ளத்தில் எந்தத் தண்ணீர் எந்த வீட்டுக்குள் வந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். படிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிஞ்சிய தண்ணீரை ஆறவிட்டு, நிறைய தண்ணீர் கலந்து கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். மழைநீர்க் குழியிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். சாயம் காய்ச்சிய பாத்திரம் திரும்பவும் சமையலுக்குப் போகக் கூடாது, அம்மா எவ்வளவு தேய்த்து வைத்தாலும்!