மார்செய்க்குப் போன மல்லாட்டை

ஐரோப்பியச் சந்தை நமக்குத் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்றுதான் வணிக வரலாற்றில் பெரும்பாலும் கேட்கிறோம். தென்னாற்காட்டில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையின் கதையைப் படித்தால் அந்தக் கேள்வி போதாது என்று தெரியும். பருப்பாகக் கொண்டுபோனால் பெரும்பாலும் வரி கிடையாது. அதையே ஆட்டி எண்ணெயாகக் கொண்டுபோனால் வரி உண்டு. சுத்திகரித்தால் இன்னும் கூடுதல் வரி. சரக்கு எந்தப் படியில் நின்றுவிட வேண்டும் என்பதை வாங்குகிறவனே தீர்மானித்தான். மாவட்டத்தில் எந்தத் தொழில் வளரும், எது வளராது என்பதையும் அதுவே தீர்மானித்தது என்பது என் முடிவு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் உட்கார்ந்து ஆண்ட தென்னாற்காடு, 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னை மாகாணத்தின் தலையாய மல்லாட்டை மாவட்டம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் போடப்பட்டது. பண்ணுருட்டி, திண்டிவனம் பக்கத்து மூட்டைகள் ரயிலேறிப் புதுச்சேரி போய், அங்கே சலங்குப் படகுகளில் இறங்கி, ஆழ்கடலில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களில் ஏறின. போய்ச் சேர்ந்த இடம் மார்செய். அந்த ஊர் ஆலைகள் பருப்பைப் பிழிந்தன. எண்ணெயின் பெரும்பங்கு சோப்புக்குப் போனது. பிரான்ஸின் ஆப்பிரிக்கக் காலனியான செனகலின் கடலை தோலோடு போயிற்று, தூரம் குறைவு. நம்முடையதோ கப்பல் கூலியை மிச்சப்படுத்தத் தோல் உரித்துப் போயிற்று. கையால் உரிக்க எளிதாக இருக்கட்டும் என்று காய்களைத் தண்ணீரில் நனைத்தார்கள். நனைந்த பருப்பு வழியிலேயே காறல் ஏறியது. சந்தையில் ‘கோரமண்டல்’ எனப்பட்ட நம் சரக்குக்குத் தரத்தில் கீழிடம் கிடைத்தது. இந்த ஈரம் பின்னால் நம்மை மறுபடி துரத்தும்.

நூற்றாண்டின் முடிவில் விளைச்சல் சரிந்தபோது மொரீசியஸ் விதை வந்தது. 1905இல் பாலூரில் அரசுப் பண்ணை ஏற்பட்டது. பிறகு திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வந்து, டி.எம்.வி. 2 போன்ற ரகங்கள் அங்கிருந்து வெளிவந்தன. விதைக்கு இவ்வளவு அக்கறை காட்டப்பட்டது, நல்லதே. பருப்பை ஆட்டும் ஆலைக்கு அதில் பாதி அக்கறைகூடக் காட்டப்படவில்லை. ஏற்றுமதிக்கு வேண்டியது பருப்பு, ஆகவே அரசு வளர்த்ததும் பருப்பையே.

1930களின் நெருக்கடியில் உலகம் கூட்டணிகளாகப் பிரிந்தது. 1932 ஒட்டாவா ஒப்பந்தங்கள் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் சலுகை வட்டம் போட்டன. பிரான்ஸ் தன் காலனிகளுக்குச் சலுகை கொடுத்து அந்நிய வித்துக்களுக்கு வரி விதித்தது. பிரான்ஸின் இந்தச் சலுகை வட்டம்தான் 1957 ரோம் ஒப்பந்தத்தில் ஆறு நாடுகளின் பொதுச் சந்தையாக விரிந்தபோது, பிரான்ஸின் ஆப்பிரிக்கக் காலனிகளை இணைநாடுகளாக உள்ளே அழைத்துச் சென்றது. 1963இல் யவுண்டே ஒப்பந்தம், 1975இல் 46 நாடுகளோடு லோமே ஒப்பந்தம். 1973இல் பிரிட்டன் உள்ளே போனபோதும் இந்தியாவுக்கு அந்த இடம் தரப்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கையெழுத்தான தனி வணிக ஒப்பந்தமும், 1971 முதல் இருந்த பொதுச் சலுகைத் திட்டமும் மட்டுமே நமக்கு. லோமேவோ செனகலின் எண்ணெயையும் வரியின்றி ஏற்றது. கடலை, எண்ணெய், புண்ணாக்கு மூன்றுக்கும் ஏற்றுமதி வருவாய் சரிந்தால் ஈடு கொடுக்கும் ஏற்பாட்டையும் வைத்திருந்தது.

விளைவு என்ன? செனகல் தலைநகர் டாக்கரில் ஆலைகள் எழுந்தன. விடுதலை பெற்ற செனகலின் முக்கிய ஏற்றுமதிகளில் கடலை எண்ணெய் ஒன்றாயிற்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்த எண்ணெய்க்கும் பிரான்ஸ் உச்சவரம்பு போட்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம்; பிரான்ஸிலிருந்த ஆலைகளின் நலன்தான் காரணம். வரம்பு தளர்ந்தபின் ஆலை வளர்ந்தது. ஒரே பயிர்தான், வரி அட்டவணையில் இருந்த இடம் வேறு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இந்தியாவுக்கே எண்ணெய் போதவில்லை. அரசே ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. இன்றும் சமையல் எண்ணெயை இறக்குமதி செய்து உண்கிறோம். இதில் ஐரோப்பிய வரி என்ன செய்யும்? இந்தப் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அது பெரிதும் விடுதலைக்குப் பிந்தியது. மார்செய் ஆலைகள் வேரூன்றிய காலத்தில் இங்கே உபரி இருந்தது, கப்பல் கப்பலாகப் போனது. ஆலை எழ வேண்டிய தலைமுறையில் எழாமல் போனதைப் பிற்காலத்துத் தட்டுப்பாட்டைக் காட்டி விளக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு உடல்நலம் சார்ந்தது: தடுப்பது வரியல்ல, நஞ்சு என்பது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தபோது, தீவனக் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தது தெரியவந்தது, அதுதான் அஃப்ளாடாக்சின். ஐரோப்பியச் சமூகம் 1973 டிசம்பரில் தீவனத்துக்கு அளவு வரம்பு விதித்தது. இன்று நேரடியாக உண்ணும் கடலையில் நூறு கோடிக்கு 4 பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது. நம் நாட்டு வரம்பு இதைவிடத் தளர்வானது. ஐரோப்பிய வரம்பை மறைமுகத் தடை என்று ஏற்றுமதியாளர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கல்லீரல் புற்றுக்குக் காரணமான நஞ்சு அது. விருத்தாசலத்துக் குழந்தையின் கல்லீரல் ஹாம்பர்க் குழந்தையுடையதைவிட உறுதியானதல்ல. வரம்பைத் தளர்த்தும்படி வாதாடுவதை விட்டு, காயவைக்கும் களமும், ஈரமில்லாக் கிடங்கும், பக்கத்திலேயே சோதனைச் சாலையும் கேட்க வேண்டும். காயை நனைத்து உரித்த அந்தப் பழைய வியாபாரம் கற்றுத் தந்திருக்க வேண்டிய பாடம் இது.

ஆனால் நஞ்சு வரம்புக்குச் சொல்லும் நியாயம் வரிப் படிகளுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விகிதப்படி கடலைக்கு வரியில்லை. சமையலுக்கான கச்சா எண்ணெய்க்கு 6.4 சதவீதம், சுத்திகரித்ததற்கு 9.6, கடலை வெண்ணெய்க்கு 12.8. சலுகைத் திட்டங்கள் சிலவற்றைக் குறைக்கலாம்; படி வரிசை மாறவில்லை. இந்தியாவும் ஒன்றியமும் 2007இல் தொடங்கி, 2013இல் நிறுத்தி, 2022இல் மீண்டும் எடுத்த தடையில்லா வணிகப் பேச்சு 2026 ஜனவரியில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. நெசவு, கார், ஒயின் பற்றி நாளிதழ்கள் நிறைய எழுதின. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் விவசாயச் சங்கங்கள் அதன் வரி அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது கடலை எண்ணெய்க்கும் வறுத்த பருப்புக்கும் எதிரே உள்ள எண்களை. பருப்புக்கு எதிரே உள்ள பூஜ்யம் நமக்கு ஏற்கெனவே தெரியும்.