ஒரே குறை, வேறு வேறு கசிவு

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர், பக்கவாதத்தில் இறந்தவர்களின் மண்டையைத் திறந்து பார்த்தார். மூளைக்குள் ரத்தக்கசிவு! 1658-இல் அதை நூலாக்கினார்; அக்காலத்துக்குத் துணிச்சல்தான்.

ரத்தம் எங்கே கசிந்தது என்று அவர் காட்டினார்; ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே ரத்தம் எளிதில் நிற்காதது ஏன்? 1918-இல் இன்னொரு சுவிஸ்காரர், குழந்தை மருத்துவர் எட்வர்ட் கிளான்ஸ்மன், ஒரு விடை தந்தார்: ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையில் குறையில்லை, வேலையில்தான் கோளாறு. அவை ஒன்றோடொன்று ஒட்ட உதவும் புரதம் குறைவு அல்லது பழுது என்பது பின்னாளில் தெரிந்தது.

புதிர் அதோடு தீரவில்லை. 1990-இல் இக்குறை உள்ள 177 நோயாளிகளை அலசிய ஆய்வில், புரதக் குறைவுக்கும் கசிவின் கடுமைக்கும் தெளிவான தொடர்பு இல்லை. ஒருவருக்கு வெறும் கன்றல். அதே குறையுள்ள உடன்பிறப்புக்கு ரத்தம் ஏற்றும் நிலை. வயதும் கணக்கில் சேர்கிறது: குழந்தைப்பருவ மூக்குக்கசிவு வளர வளரக் குறைவதுண்டு.

இக்குறை உள்ளவர்கள், பல் பிடுங்கப் போனாலும் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.