நாணும் நாரும்: முழங்கை அறுவை சிகிச்சை ஒன்றின் வரலாறு

மாஹிமிலிருந்து மேற்கு ரயில் பாதையில் ஐந்தாவது நிலையம் அந்தேரி. அங்குள்ள கோகிலாபென் அம்பானி மருத்துவமனையில் 2019 மே மாதம் மருத்துவர் தின்ஷா பர்திவாலா, ஈட்டி எறியும் வீரர் நீரஜ் சோப்ராவின் வலது முழங்கையில் அறுவை சிகிச்சை செய்தார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் பாட்செஃப்ஸ்ட்ரூமில் 87.86 மீட்டர் எறிந்து நீரஜ் ஒலிம்பிக்குத் தகுதி பெற்றார்; 2021இல் டோக்கியோவில் தங்கம் வென்றார். ஆயினும் அவருக்கு நடந்தது இணைப்புநார்ச் சீரமைப்பு அன்று. மூட்டினுள் கிடந்த எலும்புத் துணுக்குகளை அகற்றும் சிகிச்சை. 'முழங்கை அறுவை சிகிச்சை' என்னும் ஒரே தொடர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

எறியும் கை பின்னோக்கி வளைந்து முன்னே பாயும் கணத்தில் முழங்கையின் உட்புற இணைப்புநார் பெரும் இழுவிசையைத் தாங்குகிறது. இக்காயத்தை 1946இல் ஃபின்லாந்தின் வாரிஸ் ஈட்டி எறிவோரிடமே கண்டு எழுதினார். அக்காலத்தில் அது முழுமையாகக் கிழிந்தால் எறிபவரின் விளையாட்டு வாழ்வு பெரும்பாலும் முடிந்துவிடும்.

1974 செப்டம்பர் 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஃபிராங்க் ஜோப் அந்நிலையை மாற்றினார். பேஸ்பால் வீரர் டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்தார். 1976இல் களம் திரும்பிய ஜான், தம் 288 வெற்றிகளில் 164ஐ அதன் பின்னரே பெற்றார். சிகிச்சைக்கு மருத்துவரின் பெயரன்றி நோயாளியின் பெயரே நிலைத்தது. புகழ் அவ்வாறிருக்க, 1986இல் ஜோப் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில் 16 பேருள் 10 பேரே பழைய நிலைக்குத் திரும்பியிருந்தனர்.

மொழியியல் மாணவர் கவனிக்க வேண்டியது இங்குதான் உள்ளது. தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பது இணைப்புநார். நம் நாளிதழ்கள் பெரும்பாலும் இரண்டையும் 'தசைநார்' என்றே எழுதுகின்றன. அவ்வாறு எழுதினால் ஜோப் செய்தது, தசைநாரை எடுத்துத் தசைநாரின் இடத்தில் வைத்தது என்றாகும். அதன் புதுமை முழுதும் மறைந்துபோகும். ஒன்றன் வேலையை மற்றொன்று ஏற்கப் பல மாதங்கள் ஆகும். அதனாலேயே எறிவோர் ஓராண்டளவு காத்திருக்க நேர்கிறது. நாண் இழுப்பது, நார் கட்டுவது என்ற வேறுபாடு தமிழிலேயே உள்ளது. அதைப் பேணினால், களம் திரும்பத் துடிக்கும் இளம் வீரருக்குக் காத்திருப்பின் காரணத்தை அவர் மொழியிலேயே விளக்கிவிடலாம்.