ஒரு நாள் விட்டு ஒரு நாள்

தொண்டை அடைப்பான் என்று நம் ஊரில் சொல்லப்படும் டிப்தீரியா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோன நோய். முதலில் தொண்டை வலியும் இலேசான காய்ச்சலும்தான் தெரியும். ஓரிரு நாளில் டான்சிலின் மேல் சாம்பல் நிறத்தில் தடித்த படலம் ஒன்று படியும். உரிக்கப் போனால் இரத்தம் கசியும். அது குரல்வளைக்குள் இறங்கிவிட்டால் குரல் கம்மும், ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே சதை உள்வாங்கும். மூச்சடைப்பிலிருந்து தப்பிய பிள்ளைகளிலும் சிலரை, கிருமியின் நச்சு இதயத்தைத் தாக்கிப் பிறகு கொன்றது. இந்த நோயை வென்ற வரலாற்றைக் கத்தி, குழாய், சீரம் ஆகியவற்றைத் தந்தவர்களின் வீரக் கதையாகவே சொல்வது வழக்கம். அவர்களின் பெருமை நியாயமானது. ஆனாலும் அந்தக் கதையில் ஓரமாக நிற்கும் ஒன்றை நடுவில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நோய் இன்னதென்று ஐயமறத் தீர்மானிப்பதும், சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் வைத்து எண்ணிப் பார்ப்பதும் சீரத்துக்கு நிகரான கண்டுபிடிப்புகள். அவை வரும்வரை மிகத் திறமையான மருத்துவர்களுக்கும் தங்கள் சிகிச்சையில் எது பலித்தது, எது வீண் என்று பிரித்தறிய வழியில்லை.

பிரான்ஸின் தூர் நகரத்து மருத்துவர் பியர் பிரத்தொன்னோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1818 முதல் அந்த வட்டாரத்தில் பரவிய கொள்ளைநோயில் இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து, வெவ்வேறு பெயர்களில் வழங்கிய தொண்டை நோய்கள் பலவும் ஒரே நோய்தான் என்று கண்டவர் அவர். நோய்க்கு அதன் நவீனப் பெயரைக் கொடுத்தவரும் அவரே. முதலில் செய்த முயற்சிகள் பலிக்காமல் போன பிறகு, 1825இல் ஒரு சிறுமியின் கழுத்தில் மூச்சுக்குழாயைத் திறந்து உள்ளே குழாய் பொருத்தி உயிரைக் காப்பாற்றினார். அதே பிரத்தொன்னோ, படலத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுடுவதிலும் கலோமல் என்ற பாதரச உப்பைக் கொடுப்பதிலும் சம அளவு நம்பிக்கை வைத்திருந்தார். பிழைத்த குழந்தைக்கு எல்லாமே செய்யப்பட்டிருந்தன. காப்பாற்றியது எது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? அவருடைய மாணவர் ஆர்மான் ட்ரூசோ இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவையைச் செய்து, நாலில் ஒரு பங்கு பிழைத்ததாகச் சொன்னார். கைவிடப்பட்ட நிலையில் வந்த பிள்ளைகள் என்று கொண்டால் அது பெரிய வெற்றி. சற்று முன்னதாகவே கத்தியை எடுத்தார், சில பிள்ளைகள் தாமாகவே தேறியிருக்கக்கூடும் என்று கொண்டால் கணக்கு வேறு. ட்ரூசோவின் எண் இந்த இரண்டில் எதையும் மறுக்காது.

கத்திக்குப் போட்டியாகக் குழாய் வந்தபோதும் இதே குழப்பம் தொடர்ந்தது. 1858இல் பாரிஸில் பூஷூ என்பவர் வாய் வழியாகவே குரல்வளைக்குள் உலோகக் குழாயை இறக்கிக் காட்டினார். மருத்துவ அகாதமி, ட்ரூசோவின் எதிர்ப்பால், அதை ஒதுக்கித் தள்ளியது. 1880களில் நியூயார்க்கில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான ஃபவுண்ட்லிங் மருத்துவமனையில் ஜோசப் ஓட்வையர் அந்த எண்ணத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். குழந்தையைப் போர்வையில் சுற்றி ஒரு செவிலி மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். வாய் மூடாதபடி ஒரு கருவி பற்களுக்கிடையே நிற்கும். மருத்துவர் இடது ஆள்காட்டி விரலால் குரல்வளை மூடியைத் தடவி உணர்ந்து, அந்த விரலையே வழிகாட்டியாக வைத்து, நூல் கோத்த சிறு குழாயைச் சில நொடிக்குள் இறக்கிவிட வேண்டும். குழாய் சரியாக உட்கார்ந்ததும் நூலை உருவிவிடுவார். தவறான இடத்தில் போயிருந்தால் நூலைப் பிடித்து இழுத்துவிடலாம். கண் எட்டாத இடத்தில் விரல் நுனியால் செய்த அருமையான வேலை இது. இருந்தும், கத்தியா குழாயா என்ற வாதத்தில் இரு தரப்பும் முன்வைத்தவை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கைகள் செய்த சிகிச்சைகளின் கணக்குகள்.

முதல் தெளிவு ஆய்வகத்திலிருந்து வந்தது. 1883இல் எட்வின் கிளெப்ஸ் படலத்தில் கண்ட கிருமியை, மறு ஆண்டு பிரீட்ரிக் லோஃப்லர் தனியாகப் பிரித்து வளர்த்தார். 1893 முதல் நியூயார்க் சுகாதாரத் துறையில் ஹெர்மன் பிக்ஸும் வில்லியம் பார்க்கும் இதை நகரம் முழுவதற்குமான ஏற்பாடாக மாற்றினார்கள். மருந்துக்கடைகளில் சிறு பெட்டிகள் இருக்கும். அதற்குள் பஞ்சு சுற்றிய கம்பி ஒன்று, உறைந்த சீரம் உள்ள கண்ணாடிக் குழாய் ஒன்று. மருத்துவர் பஞ்சை நோயாளியின் தொண்டையில் தடவி, சீரத்தின் மேல் தேய்த்து, பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால், இரவெல்லாம் வெதுவெதுப்பில் வைத்து மறுநாளே முடிவு சொல்லிவிடுவார்கள். டிப்தீரியா என்று மருத்துவர்கள் அனுப்பியவற்றில் கணிசமானவை அந்நோயே இல்லை என்று தெரிந்தது. பழைய இறப்புக் கணக்குகளின் அடித்தளமே இதனால் ஆட்டம் கண்டது.

இந்த நிலையில்தான் கிருமியின் நச்சை முறிக்கும் சீரம் வந்தது. பெர்லினில் பேரிங்கும் கிடசாடோவும் 1890இல் நச்சுமுறிவின் அடிப்படையைக் காட்டினார்கள். பாரிஸில் எமில் ரூ குதிரைகளிலிருந்து சீரம் எடுத்து, 1894இல் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 448 பேருக்குக் கொடுத்தார். அங்கே முன்பு பாதிக்கு மேல் இருந்த இறப்பு சுமார் 24 சதவீதமாக இறங்கியது. அதே மாதங்களில், சீரம் இல்லாத ட்ரூசோ மருத்துவமனையில் சுமார் 60 சதவீதம் இறந்தார்கள். புடாபெஸ்ட் மாநாட்டில் ரூ இதை அறிவித்ததும் ஐரோப்பாவே ஆர்ப்பரித்தது. ஐயப்பட்டவர்களின் கேள்விகளிலும் பொருள் இருந்தது. கொள்ளைநோயின் வேகம் தானாகவே தணிந்திருக்கலாம். கிருமிச் சோதனை வந்ததால் முன்பு கணக்கில் சேராத இலேசான நோயாளிகள் இப்போது சேர்ந்திருக்கலாம். புது மருந்தின் புகழைக் கேட்டுப் பெற்றோர் பிள்ளைகளை முன்கூட்டியே தூக்கிவந்திருக்கலாம். குதிரைச் சீரமோ காய்ச்சலையும் தடிப்பையும் மூட்டு வலியையும் கொடுத்தது.

இதற்கு விடை தேடியவர் கோபன்ஹேகனின் பிளெக்டம் மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் யொஹானஸ் ஃபிபிகர். 1896 மே முதல் 1897 மே வரை, ஒரு நாள் சேர்ந்தவர்களுக்குச் சீரம், மறுநாள் சேர்ந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். முழு ஆண்டும் நடத்தியதால் பருவத்துக்குப் பருவம் மாறும் நோயின் வேகம் இரு தரப்புக்கும் பொதுவானது. யாருக்கு ஊசி என்பதை நாள்காட்டி முடிவு செய்ததால் மருத்துவரின் பரிவோ நம்பிக்கையோ குறுக்கிட இடம் குறைந்தது. மொத்தம் 484 பேர். சீரம் பெற்ற 239 பேரில் 8 பேரும், பெறாத 245 பேரில் 30 பேரும் இறந்தார்கள். இந்த எண்களைப் பாரிஸ் எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்று புலப்படும். கோபன்ஹேகனில் சீரமே பெறாதவர்களில் இறந்தவர்கள் சுமார் 12 சதவீதம். பாரிஸில் சீரம் பெற்றும் இறந்தவர்கள் சுமார் 24 சதவீதம். ஊர் விட்டு ஊர் ஒப்பிட்டிருந்தால், சீரம் சாவை இரட்டிப்பாக்குகிறது என்றுகூட நிறுவியிருக்கலாம்! ரூ சொன்னது உண்மைதான். ஆனால் அவர் சொன்ன விதத்தால் அதை உண்மை என்று உறுதிப்படுத்த முடியாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. நீலம் பாய்ந்து மூச்சுத் திணறும் பிள்ளைக்குக் கழுத்தைத் திறக்க எந்த ஒப்பீடு வேண்டும் என்று கேட்கலாம். அடைபட்ட வழி திறந்ததும் நிறம் திரும்புவதைக் கண்ணே காண்கிறது. அதற்குச் சோதனை வேண்டியதில்லைதான். ஆனால் எப்போது திறப்பது, கத்தியா குழாயா, அமிலத்தால் சுடுவதா வேண்டாமா என்ற கேள்விகளில் கண் பலமுறை ஏமாந்திருக்கிறது. இன்னொரு மறுப்பு கனமானது: இறந்த அந்த 30 பேரில் பலருக்குச் சீரம் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்களே? ஆம், பிழைத்திருப்பார்கள். இன்று அப்படியொரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது கடினம். ஆயினும் அந்த இழப்பு நமக்குத் தெரிவதே அந்தச் சோதனை நடந்ததால்தான். ஒப்பிடாமல் கொடுக்கப்பட்ட பாதரசத்துக்கும் அமிலத்துக்கும் பலியானவர்களை எண்ண அப்படி ஒரு பட்டியல்கூட இல்லை.

பாடம் உடனே பரவவில்லை. 1898இல் டேனிஷ் மொழியில் வெளியான அந்த ஆய்வை உலகம் அதிகம் கவனிக்கவில்லை. தொண்டை மருத்துவமோ பழைய பழக்கத்திலேயே போனது. 1930களில் நியூயார்க்கில் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரைப் பார்த்தபோது 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் நீக்கப்பட்டிருந்தது. மீதிப் பேரை மருத்துவர்களிடம் அனுப்பினால், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நீக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விடப்பட்டவர்களை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினால் அவர்களிலும் பாதி. இன்னொரு முறை அனுப்பினால் மறுபடியும் பாதி. அளவுகோல் தொண்டையில் இல்லை, பார்ப்பவரின் பழக்கத்தில் இருந்தது.

ஃபிபிகரின் பிற்கால வாழ்க்கையும் இந்த வாதத்துக்கே வலு சேர்க்கிறது. எலிகளின் இரைப்பையில் ஒரு புழு புற்றுநோயை உண்டாக்குகிறது என்று காட்டியதற்காக அவருக்கு 1926ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த எலிகளுக்கு வைட்டமின் ஏ போதாமல் இருந்ததும், அவர் கண்டவை உண்மையில் புற்றுநோயே அல்ல என்பதும் பின்னால் தெரியவந்தது. இரண்டு ஆய்விலும் அதே கூர்மையான மனிதர்தான். சரியான ஒப்பீடு இருந்த ஆய்வு அவருக்குப் புகழ் தராவிட்டாலும் நூறாண்டு தாண்டி நிற்கிறது. அது இல்லாத ஆய்வு, உலகின் ஆகப் பெரிய பரிசைப் பெற்றும் சாய்ந்துவிட்டது. மருத்துவ வரலாற்றில் மேதைகளின் பெயர்களுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது அந்த நாள்காட்டிக்குக் கொடுப்பதுதான் முறை.